ஆகஸ்ட் மாதத்துப் பழைய தேதிகள்: யார் குறித்து வைத்தார்கள்?

கி.மு. 413 ஆகஸ்ட் 27: சிசிலியில் ஏதென்ஸ் படை சந்திர கிரகணத்தைக் கண்டு பயணத்தை நிறுத்தியது. கி.மு. 216 ஆகஸ்ட் 2: கன்னே போரில் கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் ரோமானியப் படையை அழித்தார். கி.பி. 79 ஆகஸ்ட் 24: வெசூவியஸ் எரிமலை வெடித்தது. கி.பி. 778 ஆகஸ்ட் 15: பிராங்கிய அரசர் சார்லமேன் படையின் பின்வரிசை பிரனீஸ் மலைக் கணவாயில் சிக்கி அழிந்தது.

'வரலாற்றில் இந்த மாதம்' என்ற தலைப்பில் இப்படிப்பட்ட பட்டியல்களை அடிக்கடி பார்க்கிறோம். எல்லாத் தேதிகளும் ஒரே உறுதியோடு அச்சாகியிருக்கும். ஆனால் மேலே சொன்ன நான்கும் நம் கைக்கு வந்த வழி வேறு வேறு. ஒன்றை வானமே உறுதி செய்கிறது. இன்னொன்று ரோமானியர்கள் எழுதிய ஆகஸ்ட். அது உண்மையிலேயே கோடையின் அந்த நாள்தானா என்பது தனிக் கேள்வி. மூன்றாவதில் மாதமே தவறாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. நான்காவது, ஒரு அரண்மனை அதிகாரியின் இரங்கற்பாவிலிருந்து கிடைத்தது. பழைய வரலாற்றைப் புதிதாகப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு இந்த வேறுபாடு தெரிந்தால் படிப்பின் சுவையே கூடிவிடும். அதனால் ஆகஸ்ட் மாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

முதலில் மாதத்தின் கதை. ரோமானியர்களிடம் இது 'செக்ஸ்டிலிஸ்', அதாவது ஆறாம் மாதம். பழைய கணக்கில் ஆண்டு மார்ச்சில் தொடங்கியது. கி.மு. 8இல் ரோமானிய செனட் இதற்கு அகஸ்டஸ் பேரரசரின் பெயரைச் சூட்டியது. அவர் பிறந்தது செப்டம்பரில். ஆனாலும் இந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு செனட் காரணம் சொன்னது: அவர் முதன்முதலில் கான்சல் என்ற உயர் பதவி ஏற்றது இந்த மாதம், எகிப்து ரோமின் கைக்கு வந்தது இந்த மாதம், உள்நாட்டுப் போர் முடிந்ததும் இந்த மாதம். கி.மு. 30 ஆகஸ்ட் முதல் நாளில் அலெக்சாண்டிரியா விழுந்தது; அதே மாதத்தில் கிளியோபாட்ரா இறந்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ரோம் நகரில் மூன்று நாள் வெற்றி ஊர்வலம் நடந்தது. ஆக, இந்த மாதத்தின் பெயரே ஒரு வரலாற்று நிகழ்ச்சிப் பட்டியலிலிருந்து வந்ததுதான்.

தன் மாதத்துக்கு 31 நாள் வேண்டும் என்று அகஸ்டஸ் பிப்ரவரியிலிருந்து ஒரு நாளைப் பிடுங்கிக்கொண்டார் என்று ஒரு கதை உலவுகிறது. அது உண்மையல்ல. 29 நாளாக இருந்த செக்ஸ்டிலிஸை 31 ஆக்கியது ஜூலியஸ் சீசரின் சீர்திருத்தம். பெயர் மாறியபோது மாதம் ஏற்கெனவே 31 நாள்தான்.

அந்தச் சீர்திருத்தம் ஏன் தேவைப்பட்டது? இதைப் புரிந்துகொண்டால் கன்னே போரின் தேதிச் சிக்கல் புரியும். சீசருக்கு முந்தைய ரோமானிய ஆண்டுக்கு 355 நாள். சூரியனோடு ஒத்துப்போக, சில ஆண்டுகளில் ஒரு கூடுதல் மாதத்தைப் புரோகிதர்கள் சேர்க்க வேண்டும். போர்க்காலத்தில் சேர்க்காமல் விட்டார்கள். அரசியலுக்காகச் சேர்த்தார்கள், தள்ளிப்போட்டார்கள். நாட்காட்டி பருவத்தை விட்டு விலகிக்கொண்டே போனது. எவ்வளவு விலகியது என்பதற்குத் துல்லியமான சாட்சி ஒன்று இருக்கிறது. ஒரு சூரிய கிரகணம் ஜூலை 11 அன்று நிகழ்ந்ததாக வரலாற்றாசிரியர் லிவி குறிப்பிடுகிறார். வானியல் கணக்குப்படி அந்தக் கிரகணம் நிகழ்ந்தது கி.மு. 190 மார்ச் 14. ஏறக்குறைய நான்கு மாத வித்தியாசம்! ரோமில் ஜூலை என்று எழுதிக்கொண்டிருந்தபோது வெளியே இளவேனில் தொடங்கியிருந்தது. சீசர் இதையெல்லாம் சரிசெய்யப் போனபோது கி.மு. 46ஆம் ஆண்டு மட்டும் 445 நாள் நீண்டது.

இப்போது கன்னே. இத்தாலியின் தென்கிழக்கில் நடந்த அந்தப் போரில் 70,000 ரோமானியர் மாண்டதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் எழுதுகிறார். லிவி 48,000 அளவில் சொல்கிறார். நாளைப் பழைய ரோமானிய எழுத்தாளர்கள் 'செக்ஸ்டிலிஸ் நோனஸுக்கு முந்தைய நான்காம் நாள்' என்று குறித்திருக்கிறார்கள். ரோமானியர்கள் நம்மைப் போல ஒன்று, இரண்டு என்று முன்னோக்கி எண்ணவில்லை. மாதத்தில் மூன்று குறிநாட்கள்: முதல் நாள், ஐந்தாம் நாள் (இதுதான் நோனஸ்), பதின்மூன்றாம் நாள் (சில மாதங்களில் பின்னிரண்டும் ஏழு, பதினைந்து). அடுத்து வரப்போகும் குறிநாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள், அந்தக் குறிநாளையும் சேர்த்தே. ஐந்தாம் தேதியை ஒன்று என்று வைத்தால் நான்கு, மூன்று, இரண்டு என்று வந்து, நான்காவதாக விழுவது 2ஆம் தேதி. அதனால்தான் ஆகஸ்ட் 2.

எண்ணிக்கை சரி. ஆனால் அது அன்றைய ரோமானியச் சுவரில் எழுதப்பட்டிருந்த ஆகஸ்ட் 2. சூரியக் கணக்கில் அது எந்த நாள் என்பதில் அறிஞர்களுக்குள் விவாதம் உண்டு. கன்னேயின் ஆகஸ்ட் 2ஐப் படிக்கும்போது, 'ரோமானியர் தாங்கள் அழுத நாளாகக் குறித்தது' என்றே நான் எடுத்துக்கொள்வேன். அந்த அர்த்தத்தில் அது பொய்யில்லை.

அப்புறம் சிசிலிக்குப் போவோம். பழைய ஆகஸ்ட் தேதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஏதென்ஸ் கி.மு. 415இல் சிராகூஸ் நகரைப் பிடிக்கப் பெரும் கடற்படையை அனுப்பியது. இரண்டு ஆண்டு கழித்தும் நகரம் பிடிபடவில்லை. டெமாஸ்தனிஸ் என்ற தளபதி கூடுதல் படையோடு வந்தார். நகருக்கு மேலிருந்த மேட்டு நிலத்தை இரவில் தாக்கினார், தோற்றார். 'கிளம்பிவிடுவோம்' என்றார். மூத்த தளபதி நிக்கியாஸ் தயங்கித் தயங்கிக் கடைசியில் ஒப்புக்கொண்டார். கப்பல்கள் புறப்படத் தயார். அன்றிரவு முழு நிலவு மறைந்தது. வீரர்களில் பெரும்பாலோர் பயந்து, இருங்கள் என்றார்கள். குறிசொல்வோர் மூன்று ஒன்பது நாள், அதாவது 27 நாள் காத்திருக்க வேண்டும் என்றார்கள். அது முடியும்வரை புறப்படுவதைப் பற்றிப் பேசவே மாட்டேன் என்றார் நிக்கியாஸ். அந்த இடைவெளியில் சிராகூஸ் மக்கள் துறைமுக வாயிலை அடைத்தார்கள். ஏதென்ஸ் படை கடலில் தோற்று, தரை வழியே தப்பப் பார்த்துச் சிதறியது. இரண்டு தளபதிகளும் கொல்லப்பட்டார்கள். குறைந்தது 7,000 பேர் கைதிகளாகக் கற்சுரங்கங்களில் அடைக்கப்பட்டார்கள்.

இதை எழுதிய ஏதென்ஸ் வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் தேதி எதுவும் தரவில்லை. தரவும் முடியாது, ஏனென்றால் கிரேக்க நகரங்களில் ஒவ்வொன்றுக்கும் தனி மாதப் பெயர்கள், தனி ஆண்டுத் தொடக்கம். அதனால் அவர் ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் இடையிலான போர் தொடங்கியதிலிருந்து கோடை, குளிர்காலம் என்று எண்ணிக்கொண்டே போகிறார். இது போரின் பத்தொன்பதாம் ஆண்டுக் கோடை. போர் தொடங்கியது கி.மு. 431, ஆக இது 413. சந்திர கிரகணம் பௌர்ணமியில்தான் வரும். சிசிலியில் தெரியும்படியான கிரகணம் அந்தக் கோடையில் எது என்று வானியலாளர்கள் பின்னோக்கிக் கணக்கிட்டபோது கிடைத்தது ஆகஸ்ட் 27 இரவு. ஆண்டை ஒரு மனிதர் எண்ணிச் சொன்னார், நாளை நிலவு சொன்னது. இரண்டும் தனித்தனிச் சாட்சிகள், ஒன்றோடொன்று பொருந்துகின்றன. பழங்காலத் தேதி ஒன்றுக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைப்பது அரிது. அதே சிராகூஸிலிருந்து அகதோகிளிஸ் என்ற ஆட்சியாளர் கார்த்தேஜைத் தாக்கக் கப்பலில் போனபோது பட்டப்பகலில் நட்சத்திரங்கள் தெரிந்த சூரிய கிரகணமும் இப்படித்தான் கி.மு. 310 ஆகஸ்ட் 15 என்று உறுதியானது.

இங்கே ஒரு சின்ன விளக்கம். நிக்கியாஸ் காலத்தில் ஆகஸ்டும் இல்லை, கி.மு.வும் இல்லை. சீசரின் நாட்காட்டியைப் பின்னோக்கி நீட்டித்தான் நாம் இந்தத் தேதியை எழுதுகிறோம். கி.பி. 1582இல் வந்த இன்றைய கிரிகோரியன் நாட்காட்டியைப் பழைய நிகழ்ச்சிகளுக்கு வரலாற்றாசிரியர்கள் பொதுவாகப் பயன்படுத்துவதில்லை. 778 ஆகஸ்ட் 15 என்பது இன்றைய கணக்கில் ஆகஸ்ட் 19. இன்னொன்று: கி.மு. 1க்கு அடுத்தது நேராகக் கி.பி. 1, நடுவில் பூஜ்ய ஆண்டு இல்லை. வானியலாளர்கள் மட்டும் பூஜ்யத்தை வைத்து எண்ணுவதால், கிரகண அட்டவணைகளில் கி.மு. 413 என்பது மைனஸ் 412 என்று இருக்கும். அட்டவணையைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

சரி, வெசூவியஸ். பாம்பெய் நகரம் புதைந்த நாள் ஆகஸ்ட் 24 என்று எத்தனையோ பள்ளிப் புத்தகங்களில் படித்திருப்போம். இதற்கு ஆதாரம் ஒரே ஒரு கடிதம். எரிமலை வெடித்தபோது இளைய பிளினிக்கு 17 வயது. வளைகுடாவின் மறுபக்கம் மிசேனம் துறைமுகத்தில், கடற்படைத் தளபதியான மாமாவோடு இருந்தார். மாமா மீட்கப் போய் இறந்தார். பல ஆண்டுகள் கழித்து வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கேட்டதற்காகப் பிளினி அந்த நாளைக் கடிதமாக எழுதினார். அதில் 'செப்டம்பர் முதல் நாளுக்கு முந்தைய ஒன்பதாம் நாள்' என்று இருக்கிறது. எண்ணிப் பார்த்தால் ஆகஸ்ட் 24.

ஆனால் பிளினி கைப்பட எழுதியது நம்மிடம் இல்லை. இருப்பவை நகலின் நகல்கள், இடைக்காலத் துறவிகள் எழுதியவை. எல்லாப் பிரதிகளிலும் அந்த இடம் ஒரே மாதிரியும் இல்லை. செப்டம்பர் என்பது நவம்பர் என்று இருந்திருந்தால், அதே 'ஒன்பதாம் நாள்' அக்டோபர் 24 ஆகிவிடும். மாறவேண்டியது ஒரே ஒரு சொல்.

மண்ணுக்குள்ளிருந்து வந்த சாட்சிகளும் இலையுதிர் காலத்தையே காட்டின. மாதுளைகள் கிடைத்தன. திராட்சை அறுவடை முடிந்து மதுச் சாடிகள் மூடப்பட்டிருந்தன. குளிர்காயும் கணப்புச் சட்டிகள் வீடுகளில் எடுத்து வைக்கப்பட்டிருந்தன. பிறகு 2018இல், பழுதுபார்ப்பு நடந்துகொண்டிருந்த ஒரு வீட்டின் சுவரில் கரித்துண்டால் கிறுக்கிய ஒரு குறிப்பு வெளிப்பட்டது. அதில் 'நவம்பர் முதல் நாளுக்கு முந்தைய பதினாறாம் நாள்' என்று இருந்தது. அதாவது அக்டோபர் 17. ஆகஸ்டிலேயே ஊர் புதைந்திருந்தால் அக்டோபரில் யார் சுவரில் எழுத முடியும்?

உடனே வழக்கு முடிந்துவிட்டது என்று பலர் எழுதினார்கள். முடியவில்லை. அந்தக் குறிப்பில் ஆண்டு கிடையாது. முந்தைய ஆண்டு அக்டோபரில் எழுதியதாகவும் இருக்கலாம். கரி எழுத்து வேலை நடக்கும் வீட்டில் ஓராண்டு அழியாமல் இருக்குமா என்பதுதான் எதிர்க்கேள்வி. அதனால் ஆகஸ்டை விடாமல் பிடித்திருக்கும் அறிஞர்கள் இன்றும் இருக்கிறார்கள். பழங்களும் சாடிகளும் கரி எழுத்தும் ஒரே திசையைக் காட்டுவதால் நான் அக்டோபர் பக்கம் சாய்கிறேன். மாணவர்களுக்கு எழுதும் புத்தகத்தில் 'கி.பி. 79, ஆகஸ்ட் அல்லது அக்டோபர்' என்று போடுவதுதான் நேர்மை.

சீசருக்குப் பிறகாவது நாட்காட்டி ஒழுங்காக ஓடியதா என்றால், அங்கேயும் கொஞ்ச காலம் தடுமாற்றம். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை லீப் நாள் என்பதைப் புரோகிதர்கள் தவறாக எண்ணி, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சேர்த்துவிட்டார்கள். அகஸ்டஸ் சில லீப் நாட்களை விட்டுக்கொடுத்துச் சரிசெய்தார். கி.பி. 8இலிருந்து கணக்கு ஒழுங்கு. அதனால் அதற்குப் பிந்தைய ரோமானியத் தேதிகளை அதிகம் சந்தேகிக்க வேண்டியதில்லை. கி.பி. 378 ஆகஸ்ட் 9 அன்று ஏட்ரியனோப்பிளில் கோத்துகள் பேரரசர் வாலென்ஸைக் கொன்று, படையில் மூன்றில் இரண்டு பங்கை அழித்தார்கள். அதே காலத்தில் வாழ்ந்த படைவீரரான அம்மியானஸ் நாளை எழுதி வைத்திருக்கிறார். பேரரசரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. கி.பி. 410 ஆகஸ்ட் 24 அன்று கோத்து அரசர் அலாரிக் ரோம் நகருக்குள் புகுந்து மூன்று நாள் சூறையாடினார்.

கி.பி. 636இல் சிரியாவில் யார்மூக் ஆற்றங்கரையில் பைசாந்திய (அதாவது கிழக்கு ரோமானிய) படையை அரபுப் படை வென்றது. அந்தப் பகுதியின் எதிர்காலத்தையே மாற்றிய போர். அரபு நூல்கள் ஹிஜ்ரி கணக்கில் எழுதுகின்றன. ஆண்டுக்கு 354 நாள், முழுக்க நிலவுக் கணக்கு. அவை எழுதப்பட்டதும் பல தலைமுறைகள் கழித்து. ஆனால் சிரியாக் மொழி நற்செய்திப் பிரதி ஒன்றின் முன்பக்க வெற்றிடத்தில் யாரோ ஒருவர் அவசரமாக எழுதிய குறிப்பு தப்பியிருக்கிறது. எழுத்துகள் பாதி அழிந்துவிட்டன. அதில் 947ஆம் ஆண்டு, ஆகஸ்ட் 20, கபீத்தா என்ற இடத்தில் ரோமானியர் பலர் கொல்லப்பட்டதாகப் படிக்க முடிகிறது. 947 என்பது செலூசிட் ஆண்டு, சிரியாவை முன்பு ஆண்ட கிரேக்க அரச மரபின் ஆண்டுக்கணக்கு. 311ஐக் கழித்தால் 636. ஹிஜ்ரி 15ஆம் ஆண்டு ரஜப் மாதம் என்ற அரபு மரபின் தேதியோடு அது ஒத்துப்போகிறது. இரண்டு மதத்தார், இரண்டு மொழி, இரண்டு நாட்காட்டி. சந்திக்கும் இடம் ஒரே மாதம். ஆய்வாளர்கள் இந்தக் குறிப்பை யார்மூக் போரோடு சேர்த்துப் பார்ப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

சார்லமேன் விஷயத்தில் இதற்கு நேர் எதிர்: எழுதவேண்டியவர்கள் எழுதாமல் விட்டார்கள். 778இல் ஸ்பெயினிலிருந்து திரும்பிய அவருடைய படையின் பின்வரிசையை பாஸ்க் மக்கள் மலைக் கணவாயில் மடக்கிக் கொன்றார்கள். பிராங்கிய அரச ஆண்டுக்குறிப்பின் முதல் வடிவத்தில் படையெடுப்பு இருக்கிறது, பம்ப்ளோனா நகரின் மதிலை இடித்தது இருக்கிறது. தோல்வியைப் பற்றி ஒரு சொல் இல்லை. சார்லமேன் இறந்த பிறகு அவர் வரலாற்றை எழுதிய எயின்ஹார்ட்தான் மாண்டவர்களில் மூவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார்: அரச உணவு மேற்பார்வையாளர் எகிஹார்ட், அரண்மனைப் பிரபு அன்செல்ம், பிரிட்டனி எல்லைக் காவலர் ரோலாண்ட். பிற்காலப் பாடல்களில் புகழ்பெற்றவர் ரோலாண்ட். தேதியைத் தந்தவரோ எகிஹார்ட். அவருடைய கல்லறைக்காக எழுதிய பாட்டு ஒரு பழைய கையெழுத்துப் பிரதியில் தங்கிவிட்டது. இளம் வயதில் வாளுக்கு இரையானார் என்று புலம்பும் அந்தப் பாட்டு, நாளையும் சொல்கிறது: செப்டம்பர் முதல் நாளுக்கு முந்தைய பதினெட்டாம் நாள். அதாவது ஆகஸ்ட் 15. பாட்டில் ஆண்டு இல்லை, போரின் பெயரும் இல்லை. ஆண்டு ஒரு நூலிலிருந்து, ஆள் இன்னொன்றிலிருந்து, நாள் இந்தப் பாட்டிலிருந்து. அரசவை மறைத்ததை ஒரு குடும்பத்தின் துக்கம் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது என்பது என்னை ஒவ்வொரு முறையும் நெகிழ வைக்கிறது.

திருநாட்களும் தேதியை நினைவில் வைக்க உதவின. கி.பி. 955இல் ஜெர்மானிய அரசர் ஓட்டோ லெக்ஃபெல்டில் ஹங்கேரியரை வென்றது புனித லாரன்ஸ் திருநாளான ஆகஸ்ட் 10. ஆனால் அரபுப் படையின் கான்ஸ்டாண்டிநோப்பிள் முற்றுகை 717 ஆகஸ்ட் 15இல் தொடங்கி, சரியாக ஓராண்டில் 718 ஆகஸ்ட் 15இல், மரியன்னை திருநாளில் முடிந்தது என்று பைசாந்திய வரலாற்றாசிரியர் தியோஃபனிஸ் எழுதும்போது கொஞ்சம் நிதானிக்கத் தோன்றுகிறது. நகரைக் காத்தது அன்னை மரியாள் என்று நம்பிய மக்கள், நிகழ்ச்சியை அந்த நாளை நோக்கிச் சற்றே நகர்த்தியிருக்கலாம்.

நம் பக்கம் ஆகஸ்டை ஒட்டி வரும் பழைய தேதி என்றால் மதுரை எரிந்த நாள்தான். சிலப்பதிகாரம் அதைப் பஞ்சாங்கம் போலவே சொல்கிறது: ஆடி மாதம், தேய்பிறை, கார்த்திகை நட்சத்திரம், அட்டமி, வெள்ளிக்கிழமை. நாட்காட்டிக் கணிதத்தில் பெரும் உழைப்பைக் கொட்டிய எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை இவற்றைப் பொருத்திப் பார்த்து, கி.பி. 756 ஜூலை 23 என்று முடிவுக்கு வந்தார். கணக்கில் பிழை இல்லை. அந்த நாள் வெள்ளிக்கிழமையும்தான், தேய்பிறையும்தான். ஆனாலும் பெரும்பாலான ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. காரணம், இப்படி ஒரு சேர்க்கை பல ஆண்டுகளில் திரும்பத் திரும்ப வரும். எந்த நூற்றாண்டில் தேட வேண்டும் என்பதை வேறு ஆதாரம் சொல்ல வேண்டும். சிராகூஸ் கிரகணத்துக்குத் தூசிடிடீஸின் கோடைக் கணக்கு அதைச் செய்தது. இங்கே அப்படி ஒன்று இல்லை. கிழமை குறிப்பிடப்பட்டிருப்பது மட்டும் ஒரு துப்பு: இந்தியக் கல்வெட்டுகளில் கிழமையோடு வரும் மிகப் பழைய தேதி மத்தியப் பிரதேசத்து ஏரண் தூணில் இருக்கிறது, கி.பி. 484.

தமிழ்க் கல்வெட்டுகள் பெரும்பாலும் அரசனின் ஆட்சியாண்டைத்தான் சொல்லும். தஞ்சைப் பெரிய கோயிலில், விமானத்தின் உச்சியில் வைக்க ராஜராஜன் செப்புக் குடம் கொடுத்தது 25ஆம் ஆண்டு 275ஆம் நாள் என்று வெட்டியிருக்கிறது. நாள் எண்ணிக்கை வரை சொல்லியும், தொடக்கம் தெரியாமல் நமக்குப் பயனில்லை. நட்சத்திரமும் கிழமையும் உள்ள பிற கல்வெட்டுகளைக் கொண்டு, அவர் ஆட்சி 985 ஜூன் 25க்கும் ஜூலை 25க்கும் இடையில் தொடங்கியது என்று கல்வெட்டு அறிஞர் கீல்ஹார்ன் கணக்கிட்டார். அப்படியானால் 25ஆம் ஆண்டு தொடங்கியது 1009இல் அதே ஒரு மாதத்துக்குள். அதிலிருந்து 275 நாள் எண்ணினால் 1010 மார்ச் 26க்கும் ஏப்ரல் 25க்கும் நடுவில் வந்து நிற்கும். இந்த முப்பது நாளைச் சுருக்க வேண்டுமானால், முடிசூடிய நாளை இன்னும் நெருக்கிப் பிடிக்கும் வேறொரு கல்வெட்டு வேண்டும்.